மண்ணெண்ணெய்ப் போத்தலும் உலகச் சந்தையும்

சங்கக்கடையில் மண்ணெண்ணெய் விலை ஏறினால் நாம் மனேச்சரிடம் காரணம் கேட்கிறோம். அவர் கொழும்பைக் காட்டுகிறார். கொழும்பிலுள்ளவர்கள் உலகச் சந்தையைக் காட்டுகிறார்கள். உலகச் சந்தை எங்கே இருக்கிறது, அதை யார் நடத்துகிறார்கள் என்று எங்களுக்கு எவரும் சொல்வதில்லை. ஆனால் அதன் விலையை இறைப்பிலும் அடுப்பிலும் விளக்கிலும் நாம்தான் கட்டுகிறோம்.

எரிசக்தி, வியாபாரம், அபிவிருத்தி ஆகிய மூன்று சொற்களும் பெரிய மாநாடுகளில் பேசப்படுபவை. உண்மையில் இவை ஒரு கமக்காரக் குடும்பத்தின் அன்றாடக் கணக்கோடு பிணைந்தவை. காணியை விட்டு இடம்பெயர்ந்து வாழ்வோருக்கும், பல ஆண்டுகளின் பின் திரும்பிவந்து பற்றை வெட்டித் தொடங்குவோருக்கும் இந்தப் பிணைப்பு இன்னும் இறுக்கமானது. எனவே இதைப் படிப்படியாக விளங்கிக்கொள்ள முயல்வோம்.

ஒரு லீற்றர் எண்ணெயில் எத்தனை ஆள் வேலை?

எரிசக்தி என்பது வேலை செய்யும் வல்லமை. நாம் உண்ணும் சோற்றிலும் மாடு தின்னும் வைக்கோலிலும் அது இருக்கிறது. விறகிலும் எண்ணெயிலும் காற்றிலும் வெயிலிலும் இருக்கிறது. அதை அளப்பதற்கு மின்சாரப் பட்டியலில் காணும் "அலகு", அதாவது யூனிற், போதுமானது.

நல்ல உடற்கட்டுள்ள ஒருவர் நாள் முழுவதும் துலா மிதித்தால் அல்லது மண் கொத்தினால் அவர் செய்யும் வேலை ஏறக்குறைய அரை அலகு. ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் ஏறக்குறைய 10 அலகு வெப்பம் அடங்கியிருக்கிறது. சிறிய இறைப்பு இயந்திரம் அதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சூடாகவும் புகையாகவும் வீணாக்கிவிடுகிறது. எஞ்சுவது ஏறக்குறைய இரண்டு அலகுதான். அப்படியிருந்தும் அது மூன்று, நான்கு ஆட்களின் ஒருநாள் உழைப்புக்குச் சமம்.

இந்தக் கணக்கு இரண்டு விடயங்களைக் காட்டுகிறது. முதலாவது, துலாவும் சூத்திரமும் இருந்த தோட்டங்களுக்கு இயந்திரம் வந்தபோது எமது கமக்காரர் ஏன் அதை விரும்பி ஏற்றார்கள் என்பது. ஒரு குடும்பம் தனியே பார்க்கக்கூடிய தோட்டத்தின் பரப்பு கூடியது. பிள்ளைகள் பட்டை இறைக்காமல் பள்ளிக்கூடம் போகமுடிந்தது. இரண்டாவது, அந்த வசதியோடு கூடவே வந்த கட்டுப்பாடு. துலா எமது பனையிலும் பூவரசிலும் செய்யப்பட்டது. அதை மிதித்தவர் எமது வீட்டுச் சோற்றை உண்டார். இயந்திரத்தின் உணவோ கப்பலில் வரவேண்டியிருந்தது. அன்றுமுதல் எமது வெங்காயப் பாத்தி உலகச் சந்தையோடு கட்டப்பட்டது.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

இலங்கையில் வெளியே எடுத்துப் பயன்படுத்தப்படும் எண்ணெயோ நிலக்கரியோ எரிவாயுவோ இல்லை. மன்னார்க் கடற்படுகையில் 2011 இல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. ஆயினும் அது இன்னும் வெளியே எடுக்கப்படவில்லை. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1961 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் 1969 இல் இயங்கத் தொடங்கியது. சுத்திகரிப்பு நிலையம் எமது நாட்டில் இருந்தாலும் அதற்குள் போகும் மசகு எண்ணெய் வெளிநாட்டில் இருந்தே வருகிறது. அது போதாமல், சுத்திகரித்த டீசலும் பெற்றோலும் நேரடியாகவும் இறக்குமதியாகின்றன.

இவற்றை இலங்கை ரூபாவுக்கு எவரும் தரமாட்டார்கள். டொலர் வேண்டும். டொலர் எங்கிருந்து வருகிறது? மலையகத்தில் கொழுந்து பறிப்பவர்களின் கைகளில் இருந்து வருகிறது. ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் பெண்பிள்ளைகளிடம் இருந்து வருகிறது. மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் தாய்மாரிடம் இருந்தும், வெளிநாடுகளில் உள்ள உறவினரிடம் இருந்தும் வருகிறது. ஆகவே ஒரு போத்தல் மண்ணெண்ணெயின் பின்னால் இன்னொரு மனிதரின் உழைப்பு இருக்கிறது.

இதைத் தெளிவாகக் காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. ஈரானிடம் முன்னர் வாங்கிய எண்ணெய்க்காக இலங்கை ஏறக்குறைய 25 கோடி டொலர் கொடுக்கவேண்டியிருந்தது. அதைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பதென்று 2021 டிசம்பரில் இரு நாடுகளும் இணங்கின. மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலை என்பது ஏற்பாடு. வகுத்துப் பாருங்கள்: 50 மாதங்கள், நான்கு ஆண்டுகளுக்கு மேல். அந்த எண்ணெய் எப்போதோ எரிந்து முடிந்துவிட்டது. அதற்கான கொழுந்தோ அதன் பின்னர்தான் பறிக்கப்படவேண்டியிருந்தது.

2022 இல் தேயிலை ஏற்றுமதியால் நாட்டுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 125 கோடி டொலர். அதே ஆண்டில் எரிபொருள் இறக்குமதிக்குச் சென்றது ஏறக்குறைய 490 கோடி டொலர். அதாவது நாட்டின் தேயிலை முழுவதையும் விற்றாலும் எரிபொருள் செலவில் நான்கிலொரு பங்குதான் தேறும். வளரும் நாடுகள் பலவற்றின் நிலை இதுதான். தொழிற்சாலை பெருகப் பெருக, வாகனம் பெருகப் பெருக எரிபொருள் தேவையும் பெருகுகிறது. விற்பதற்குள்ள பொருளோ பெரும்பாலும் தேயிலை, இறப்பர், துணி என்ற பழைய பட்டியலே. அவற்றின் விலையை வாங்குபவர் தீர்மானிக்கிறார். எண்ணெயின் விலையை விற்பவர் தீர்மானிக்கிறார். இரண்டு இடத்திலும் எமக்குப் பேசும் பலம் குறைவு.

விலை ஏறும்போது பாரம் யார் தலையில்?

1973 இன் இறுதியில் எண்ணெய் உற்பத்தி நாடுகள் விலையை உயர்த்தின. பீப்பா ஒன்று ஏறக்குறைய 3 டொலராக இருந்தது, 1974 தொடக்கத்தில் 12 டொலரை நெருங்கியது. அக்காலத்தில் இலங்கை அரசாங்கம் அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. நகரத்தவர் பாணுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. ஆனால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கும், விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் குடியேறிய இளைஞருக்கும் விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்தது. இறைப்புச் செலவு கூடினாலும் அதைத் தாங்கமுடிந்தது.

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து குவிந்தன, விலை விழுந்தது. 1979 இல் ஈரானில் ஏற்பட்ட புரட்சியின் பின் எண்ணெய் விலை மீண்டும் உயர்ந்து 30 டொலரைத் தாண்டியது. அதே ஆண்டில் அரசாங்கம் மானியங்களைக் குறைத்து, வறிய குடும்பங்களுக்கு உணவு முத்திரையும் மண்ணெண்ணெய் முத்திரையும் வழங்கத் தொடங்கியது. விற்கும் பொருளின் விலை கீழே, வாங்கும் எண்ணெயின் விலை மேலே. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான். கமக்காரர் கடனாளியாவதற்குச் சோம்பலோ குடியோ மட்டும் காரணமல்ல. இந்த இரண்டு விலைகளுக்கும் இடையிலான இடுக்கும் ஒரு காரணம் என்பதைச் சங்கங்களில் விளக்கிச் சொல்வது நல்லது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்கு மண்ணெண்ணெய், உரம், பற்றறி, சீமெந்து போன்றவை போவது தடைசெய்யப்பட்டது. மின்சாரமும் நின்றது. அந்த ஆண்டுகளை வாழ்ந்து கடந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, நூல்திரியில் எரித்த விளக்கில் பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தித் தைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டார்கள். வாகனங்கள் ஒரு சொட்டுப் பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. இது எமது மக்களின் கெட்டித்தனம் என்று பெருமையாகச் சொல்லலாம். ஆனால் இறைப்பு நின்ற தோட்டங்களையும், எண்ணெய்க்காக விற்ற நகைகளையும் அந்தப் பெருமையில் மறந்துவிடக்கூடாது.

தெற்கும் வடக்கும் சேர்ந்து அனுபவித்த தட்டுப்பாடு 2022 இல் வந்தது. வரிக்குறைப்பாலும், கொரோனாக் காலத்தில் உல்லாசப் பயணிகள் வராததாலும், முன்னர் பெற்ற கடன்களாலும் நாட்டின் டொலர் கையிருப்பு வற்றிப்போயிருந்தது. அவ்வேளையில் உக்ரேன் போர் தொடங்கி எண்ணெய் விலை 120 டொலரையும் தாண்டியது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு ஏற்பட்டது. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. பின்னர் விலை இறங்கினாலும் பழைய இடத்துக்கு அது திரும்பவில்லை. படகோட்டும் மீனவரும், இறைக்கும் தோட்டக்காரரும், விளக்கெரிக்கும் முகாம் குடும்பங்களும் அந்த ஒரு நாளில் நான்கு மடங்கு பாரத்தைத் தோளில் ஏற்றினார்கள்.

உரமும் இந்தக் கணக்கில் அடங்கும். யூரியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் இருந்து செய்யப்படுகிறது. ஆகவே எரிவாயு விலை ஏறினால் உர விலையும் ஏறும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, மாற்று வழிக்குக் கமக்காரரை ஆயத்தப்படுத்த அவகாசம் கொடுக்கப்படவில்லை. நவம்பரில் தடை நீங்கியது. ஆனால் அந்தக் காலபோக நெல் விளைச்சல் பெரிதும் விழுந்துவிட்டது. இயற்கைப் பசளை நல்லது என்பதும் உண்மை. ஒரே இரவில் மண்ணை மாற்ற முடியாது என்பதும் உண்மை.

நீரில் இருந்து கரிக்கு, கரியில் இருந்து வெயிலுக்கு

எண்ணெய் இல்லாத நாடு மின்சாரத்துக்கு என்ன செய்தது? மலையகத்து நீர்வீழ்ச்சிகளைப் பயன்படுத்தலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இலேயே எடுத்துக்காட்டினார். லக்சபான நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் மகாவலித் திட்டத்தில் கொத்மலை, விக்டோரியா ஆகிய நிலையங்கள் வந்தன. 1990 களின் தொடக்கத்தில் நாட்டின் மின்சாரம் பெரும்பாலும் நீரில் இருந்தே கிடைத்தது. 1996 இல் மழை பொய்த்தது. நாடெங்கும் நீண்ட மின்வெட்டு. அதன்பின் டீசல், உலை எண்ணெய் நிலையங்கள் பெருகின. நுரைச்சோலையில் 900 மெகாவொற் நிலக்கரி நிலையம் 2011 முதல் 2014 வரை கட்டம் கட்டமாக இயங்கத் தொடங்கியது. நிலக்கரியும் இறக்குமதிதான். இப்படி, சொந்த நீரில் ஓடிய மின்சாரமும் கப்பலை எதிர்பார்க்கும் மின்சாரமாக மாறியது.

இப்போது எல்லோரும் வெயிலையும் காற்றையும் நோக்கித் திரும்புகிறார்கள். இது வரவேற்கத்தக்கது. வெயிலுக்கு டொலர் கட்டவேண்டியதில்லை. பங்களாதேசத்தில் 2003 தொடக்கம் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்து வீடுகளுக்குச் சிறிய சூரியத் தட்டுகள் தவணைக் கடனில் கொடுக்கப்பட்டன. தட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாமல், பழுதுபார்க்கக் கிராமத்து இளைஞரையும் பெண்பிள்ளைகளையும் பயிற்றினார்கள். அதனால் விளக்குகள் தொடர்ந்து எரிந்தன.

ஆனால் வெயிலுக்கும் ஒரு குறை உண்டு. அது நண்பகலில் அள்ளித் தருகிறது. எமக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படுவது மாலை ஆறு மணிக்குப் பின். 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், மின்சாரத் தேவை குறைந்தபடியால், கூரைச் சூரியத் தட்டுகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி இலங்கையில் கேட்கப்பட்டது. பகல் மின்சாரத்தைச் சேமித்துவைக்கப் பெரிய பற்றறிகளும் நல்ல மின்கம்பித் தொகுதிகளும் தேவை. அவையும் இறக்குமதியாகும் பொருட்களே. எனினும் எண்ணெயை வாங்கினால் அன்றே எரிகிறது. தட்டை வாங்கினால் இருபது ஆண்டுகளளவு உழைக்கும். இந்த வித்தியாசம் பெரியது.

யாருடைய நிலத்தில்?

எமது வாசகர்களுக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். எரிசக்தி வானத்தில் இருந்து வந்தாலும் அதைப் பிடிக்க நிலம் வேண்டும். ஒரு மெகாவொற் சூரிய மின்சாரத்தைத் தரையில் அமைக்க ஏறக்குறைய நான்கு, ஐந்து ஏக்கர் தேவை.

சம்பூரை எடுத்துக்கொள்வோம். 2006 ஏப்ரலில் எறிகணை வீச்சுக்கும் விமானத் தாக்குதலுக்கும் அஞ்சி மூதூர் கிழக்கு மக்கள் வெளியேறினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், இந்தியாவின் அரச மின் நிறுவனத்தோடு சேர்ந்து அங்கு 500 மெகாவொற் நிலக்கரி நிலையம் அமைப்பதற்கு இணக்கம் காணப்பட்டது. 2007 இல் அப்பிரதேசம் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. மக்கள் கிளிவெட்டி போன்ற இடங்களில் முகாம்களில் தகரக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். தமது வயலிலும் தோட்டத்திலும் என்ன வரப்போகிறது என்பதைச் செய்திகளில்தான் அறிந்தார்கள். மக்கள் விடாது கேட்டார்கள்; முறையிட்டார்கள்; வழக்காடினார்கள். 2015 இல், முதலீட்டுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 818 ஏக்கரைத் திருப்பிக் கொடுப்பதற்கான முடிவு வந்தது. 2016 செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி நிலையம் அமைக்கப்படமாட்டாது என்று உயர் நீதிமன்றத்தில் அரசு அறிவித்தது. நிலக்கரிக்கென ஒதுக்கிய ஏறக்குறைய 500 ஏக்கர் நிலத்தில் இப்போது 120 மெகாவொற் சூரிய மின்நிலையம் அமைக்கும் திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்டது.

கரியைவிட வெயில் நல்லது என்பதில் ஐயமில்லை. சாம்பலும் புகையும் இல்லை. கொட்டியாரக் குடாவின் மீனுக்குச் சுடுநீர்த் தொல்லையும் இல்லை. ஆனால் நல்ல எரிசக்தி என்ற காரணத்தால், நிலத்தைப் பற்றிய கேள்வி மறைந்துவிடாது. மன்னாரில் 2025 இல் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் போராடியதும் இக்காரணத்தால்தான். காற்றை அவர்கள் எதிர்க்கவில்லை. வெள்ளம் வடியும் வழி, மேய்ச்சல் தரை, மீன்பிடி, பறவைகள் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றே சொன்னார்கள்.

கேட்காமல் நடந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சுன்னாகம் சாட்சி. அங்கே மின்நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது 2014, 2015 ஆம் ஆண்டுகளில் பெரும் பிரச்சினையாயிற்று. தமது கிணற்றடியில் நின்றபடியே மக்கள் பவுசரில் வந்த தண்ணீரை வாங்கினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 இல் மின்உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்டவேண்டும் என்று தீர்ப்பானது. ஒருவருக்கு வெளிச்சம் கொடுப்பதற்காக இன்னொருவரின் கிணற்றைக் கெடுக்கக்கூடாது என்பதே அத்தீர்ப்பில் இருந்து நாம் எடுக்கவேண்டிய பாடம்.

இங்கே இடம்பெயர்ந்தவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெரிய திட்டம் ஒன்றின் சுற்றாடல் பாதிப்பு அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்வதற்குச் சட்டப்படி 30 நாட்கள் கொடுக்கப்படுகின்றன. அறிவித்தல் பத்திரிகையில் வரும். அறிக்கை அப்பிரதேசத்து அலுவலகத்தில் வைக்கப்படும். காணிக்காரரோ வேறு மாவட்டத்தில், வேறு ஒரு முகாமில் அல்லது வாடகை வீட்டில் இருப்பார். 30 நாட்கள் கழிந்தபின் "எவரும் ஆட்சேபிக்கவில்லை" என்று எழுதப்பட்டுவிடும். ஆகவே ஊரைவிட்டு வெளியே வாழும் குடும்பங்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, காணி உறுதி, அனுமதிப்பத்திரம், வரி கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை இரண்டு இடங்களில் வைத்திருத்தல். இரண்டாவது, ஊரில் உள்ள ஒருவரை அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்தை அறிவித்தல்களைக் கவனிக்கும்படி பொறுப்பாக்குதல். மூன்றாவது, ஐயம் எழுந்தால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்தல். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் அறிவிக்கவேண்டும். விண்ணப்பம் தமிழில் எழுதினாலே போதும்.

வெயிலில் ஓடும் பம்பியும் கிணற்றின் எல்லையும்

இனித் தோட்டத்துக்கு வருவோம். சூரிய நீர்ப்பம்பி இப்போது பல இடங்களில் காணப்படுகிறது. எண்ணெய்ச் செலவு இல்லை, சத்தம் இல்லை, வெயில் கூடும் காலத்திலேயே பயிருக்கும் தண்ணீர் தேவைப்படுவதால் இரண்டும் பொருந்துகின்றன. வசதியான விதமாகக் கடன் கிடைத்தால் அது நல்ல முதலீடு.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். எண்ணெய் விலை எம்மை வருத்தினாலும் கிணற்றுக்கு அது ஒரு கடிவாளமாக இருந்தது. போத்தல் முடிந்தால் இறைப்பு நின்றது. சூரியப் பம்பியை நிறுத்துவதற்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. இந்தியாவின் பஞ்சாப் மாநிலத்தில் 1997 இல் கமக்காரருக்கு இலவச மின்சாரம் கொடுக்கத் தொடங்கினார்கள். இறைப்பதற்குச் செலவில்லாததால் நெல்லும் கோதுமையும் மாறிமாறிப் பயிரிடப்பட்டு, நிலத்தடி நீர் ஆண்டுதோறும் கீழே போயிற்று. ஆழமாகத் தோண்ட வசதியுள்ளவரின் குழாய்க்கிணறு தண்ணீர் கொடுத்தது. வசதியற்றவரின் கிணறு வற்றியது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆபத்து இதைவிடக் கூட. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி, கீழேயுள்ள உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. விஞ்ஞானிகளின் பொதுவான கணக்குப்படி, நன்னீரின் மட்டம் ஓரடி தாழ்ந்தால் அடியில் உப்புநீர் ஏறக்குறைய 40 அடி மேலெழும். ஒருமுறை உவரான கிணறு மீண்டும் நன்னீராகப் பல மாரிகள் வேண்டும். மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் கரையோர மணற்பாங்கான இடங்களிலும் இந்தக் கவனம் தேவை.

ஆகவே சூரியப் பம்பியோடு சில வழக்கங்களும் சேரவேண்டும். தண்ணீரைத் தொட்டியில் ஏற்றி, அளவோடு பாய்ச்சுங்கள். பாத்திகளைச் சருகாலும் பனையோலையாலும் மூடினால் ஈரம் நிற்கும். சொட்டு நீர்ப்பாசனம் இயன்றவர்கள் செய்யலாம். கிணற்றில் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். அயலிலுள்ள நாலைந்து குடும்பங்கள் ஒரு பம்பியை முறைவைத்துப் பாவித்தால் கடனும் குறையும், கிணறும் பிழைக்கும். திரும்பிப்போன ஊரில் கிணறு எவ்வளவு தாங்கும் என்று தெரியாதவர்களுக்கு இந்தக் கொப்பி மிகவும் உதவும்.

அடுப்பும் வேலியும்

எரிசக்தி என்றவுடன் மின்சாரத்தை நினைக்கிறோம். ஆனால் கிராமங்களில் இன்றும் அதிகம் எரிவது விறகே. சமைப்பவர் பெரும்பாலும் பெண்கள். புகையைக் குடிப்பவர்களும் அவர்களும் கைக்குழந்தைகளுமே. முகாம்களைச் சூழவுள்ள காடும் பனையும் விறகுக்காக அழிந்ததைப் பலர் கண்டிருப்பீர்கள்.

இரண்டு பானை வைக்கும் "அனகி" என்னும் களிமண் அடுப்பு 1980 களில் இலங்கையிலேயே உருவாக்கப்பட்டது. மூன்று கல் அடுப்போடு ஒப்பிட்டால் விறகில் மூன்றிலொரு பங்களவு மிச்சமாகும். முதல் பானையைத் தாண்டும் சூட்டில் இரண்டாவது பானை வேகும். அதைச் செய்யத் தேவையானது களிமண்ணும், பழகிய கையும்தான். குயவுத் தொழில் தெரிந்த குடும்பங்களுக்கு இது வருமானமுமாகும்.

விறகுக்கு வேலியே போதும். சீமைக்கிளுவை என்றும் கிளிசரிடியா என்றும் சொல்லப்படும் மரம் தடி நட்டாலே வளரும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். அதன் தடி விறகு. இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் உணவு. மண்ணில் புதைத்தால் தழைச்சத்து நிறைந்த பசளை. தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக இதனை 2005 இல் அரசாங்கம் அறிவித்தது. ஒரு பக்கம் எண்ணெயையும் மறுபக்கம் யூரியாவையும் கொஞ்சம் குறைக்கும் மரம் எமது எல்லை வேலியிலேயே நிற்கலாம். காணியின் எல்லையும் அதனால் தெளிவாகும். நீண்டகாலம் ஆளில்லாமல் கிடந்த காணிகளுக்கு இதுவும் ஒரு நன்மை.

நின்று நிலைக்கும் அபிவிருத்தி

ஐக்கிய நாடுகள் சபை அமைத்த ஆணைக்குழு ஒன்று 1987 இல் நின்று நிலைக்கும் அபிவிருத்தி என்ற கருத்தை உலகத்தின் முன் வைத்தது. இன்றுள்ளவர்களின் தேவையை நிறைவேற்றும்போது நாளை வருபவர்களின் வழியை அடைக்கக்கூடாது என்பது அதன் சாரம். எமது பாட்டன்மார் விதைநெல்லைத் தின்னக்கூடாது என்று சொன்னதும் ஏறக்குறைய இதுவே.

இலங்கை போன்ற நாடு எண்ணெயே வேண்டாம் என்று நாளைக்கே சொல்லமுடியாது. கமக்காரரும் உலகச் சந்தையின் விலையை மாற்றமுடியாது. ஆனால் அந்தச் சந்தையில் இருந்து வாங்கும் அளவைக் குறைக்கலாம். விறகை, வெயிலை, இலையை, தண்ணீரைக் கணக்கோடு பாவிக்கலாம். திட்டங்கள் வரும்போது "இந்த மின்சாரம் யாருக்கு, இந்த நிலம் யாருடையது, கெட்டால் யார் பொறுப்பு" என்று ஒன்றுசேர்ந்து கேட்கலாம். சம்பூர் மக்கள் பத்து ஆண்டுகள் கேட்டார்கள். கேட்டபடியால்தான் அந்த மண்ணில் கரி எரியவில்லை.

சங்கக் கூட்டங்களில் கலந்துபேச:

1. எமது குடும்பம் ஒரு மாதத்தில் மண்ணெண்ணெய், மின்சாரம், விறகு, எரிவாயு ஆகியவற்றுக்கு எவ்வளவு செலவிடுகிறது? விறகு பொறுக்கச் செல்லும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

2. சென்ற போகத்தில் இறைப்புச் செலவு போக வெங்காயத்தில் அல்லது மிளகாயில் என்ன மிஞ்சியது?

3. எமது ஊரில் அல்லது நாம் விட்டுவந்த ஊரில் மின்திட்டம் ஏதும் வரவிருக்கிறதா? அறிவித்தலைப் பார்க்க யாரைப் பொறுப்பாக்கியுள்ளோம்?

4. எமது கிணற்றில் சென்ற ஆண்டு ஆவணியில் எத்தனை அடி தண்ணீர் நின்றது? இந்த ஆண்டு எத்தனை அடி?

நான்காவது கேள்விக்கு விடை தெரியாதவர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு கயிறும் கொப்பியும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகவும்.